துணி படாத தோல்

சலவைத் தொழிலாளி சுந்தரத்துக்கு இன்னும் முப்பது மணி நேரம் இருந்தது. அதற்குள் பக்தர் மன்றத்தின் பின்புறம் தான் தொழில் செய்யும் கொட்டகையை அவன் காலி செய்ய வேண்டும். இல்லாவிட்டால் இஸ்திரிப் பெட்டியும் கொடிக்கயிறும் தெருவுக்கு வந்துவிடும். திங்கட்கிழமை நண்பகல் ஒட்டுண்ணி ஆய்வுக்கூடத்து வாசலில் நின்று அவன் மனைவி பூவம்மா இதைச் சொன்னபோது, ரஷீதா கையிலிருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டாள். பூவம்மா உட்காரவில்லை.

"நாங்க மருந்து வச்சோமாம்மா. நேத்து ராத்திரி மன்றத்துல அஞ்சு பேருக்குச் சிவந்து தடிச்சு ஒரே அரிப்பு. துணிக்குச் சேங்கொட்டையில குறி போடுறோம்ல, அந்தப் பால் பட்டா தோல் வெந்துடும், அதுதான் காரணமாம். கூலி கூட்டிக் கேட்டுத் தராத கோவத்துல சுந்தரம் வேணும்னே செஞ்சான்னு செயலாளர் தனசேகரன் எல்லார் முன்னாடியும் சொல்லிட்டாரு."

சிவகாமசுந்தரி நுண்ணோக்கியிலிருந்து தலையை எடுத்தாள். அவள் அந்தக் கூடத்தின் ஆராய்ச்சியாளர். ரஷீதா அவளிடம் வேலை பழகி எட்டு மாதம் ஆகிறது. சுந்தரம் வெளுத்த வெள்ளை அங்கிதான் இருவர் மேலும் இருந்தது.

"குறி துணியில எந்த இடத்துல இருக்கும்?"

"வேட்டியில தலைப்பு மூலையில. சட்டையில காலர் உள்பக்கம்."

"அரிப்பு எங்க?"

"கால்லங்கறாங்க. செயலாளருக்குக் கையில."

ரஷீதா துள்ளினாள். "பாத்தீங்களாக்கா! சேங்கொட்டைன்னா இடுப்புலயும் கழுத்துலயும்ல வரணும்! இப்பவே போய்ச் சொல்லிடலாம்."

"வேற எதுன்னு கேப்பாங்க. பதில் வச்சிருக்கியா?"

ரஷீதா பூவம்மாவிடம் மன்றத்துக்கு வழி கேட்டுக்கொண்டாள்.

சாயங்காலம் இருவரும் சிராங்கூன் சாலைக்கு அடுத்த சந்தில் இருந்த மன்றத்துக்குப் போனார்கள். தைப்பூசம் நெருங்கிக்கொண்டிருந்தது. கடந்த மூன்று ஞாயிறும் அங்கே மாலைப் பூசை நடந்திருந்தது. தாமரை பறிப்பதற்காகத் தொண்டர்கள் காலையிலேயே பஸ் பிடித்துச் சுவா சூ காங் போய், அங்கிருந்த கம்போங் கிராமத்துக்கு அப்பால் இருந்த குளத்தில் இறங்கியிருந்தார்கள். தலைவர் அழகப்பன் பெரிய மனிதர். கோபத்தையும் மரியாதையாகவே வெளியிடுவார்.

"லேப்ல இருந்து வந்திருக்கீங்க, சந்தோஷம். ஆனா தீர்மானம் போட்டாச்சும்மா."

"கால்களை மட்டும் பாத்துட்டுப் போயிடுறோம் சார்."

நான்கு பேர் வரிசையாக உட்கார்ந்து காலை நீட்டினார்கள். சிவப்புத் திட்டுகள் முழங்காலுக்குக் கீழே அடர்ந்திருந்தன. முழங்காலில் கோடு கிழித்ததுபோல் நின்றுவிட்டன. அவர்களுக்கு அடுத்துப் பாலகிருஷ்ணன் என்ற கல்லூரி மாணவன் வந்தான். அவன் காலில் இரண்டு மூன்று புள்ளிகள்தான்.

"இவன் கணக்குல வரமாட்டான்," என்றார் அழகப்பன். "போன வாரம்தான் மன்றத்துல சேர்ந்தான். குளத்துக்கு நேத்துதான் முதல்ல போனான்."

"உங்க துணி யாருகிட்ட வெளுக்கறீங்க?" என்று சிவகாமசுந்தரி அவனைக் கேட்டாள்.

"சின்ன வயசுலேர்ந்து சுந்தரம் அண்ணன்கிட்டதான் லா."

"குளத்துல வேட்டியை எப்படிக் கட்டியிருந்தீங்க?"

"எல்லாருமே முட்டிக்கு மேல தூக்கிச் சொருகிட்டோம்."

"தண்ணியில வேற ஏதாவது பாத்தீங்களா?"

"அந்தக் கரையில ஏழெட்டு வாத்து நீந்திச்சு. சீனர் பண்ணை வாத்துன்னு நெனைக்கிறேன்."

தூணில் சாய்ந்து நின்ற தனசேகரன் சிரித்துவிட்டார். காவடி விரதம், தாடியும் மஞ்சள் வேட்டியும் வெறுங்காலுமாக இருந்தார். "சிறகியைப் பாத்து வாத்துங்கிறான் பாரு, டவுன் பையன்! பண்ணை வாத்து ஆளைக் கண்டா கிட்ட வரும்டா. சிறகி காட்டுப் பறவை, விசிலடிச்சிட்டு எந்திரிச்சுப் பறந்துடும்."

எல்லோரும் சிரித்தார்கள். ரஷீதாவும் சிரித்தாள். சிவகாமசுந்தரி சிரிக்கவில்லை.

"உங்க கையைக் காட்டுங்க சார்."

அரைக்கைச் சட்டைக்குக் கீழே முழங்கையிலிருந்து விரல் வரை கொப்புளம் கொப்புளமாக இருந்தது. மற்ற நால்வரைவிட மோசம்.

"குளம் குளம்னு கேக்கறீங்க," என்றார் தனசேகரன். "நான் அந்தப் பக்கமே போனதில்லம்மா. நேத்துப் பகல் முழுக்க தஞ்சோங் பகார்ல என் வீட்டுல இருந்தேன். பூசைக்குத்தான் வந்தேன். எனக்கும் வந்திருக்கே? எங்க அஞ்சு பேருக்கும் பொதுவா இருக்கிறது சுந்தரம் ஒருத்தன்தான்."

அழகப்பன் தலையசைத்தார். "காவடி எடுக்கப் போறவர் பொய் சொல்ல மாட்டார்."

வெளியே வந்ததும் ரஷீதாவின் முகம் தொங்கிப்போயிற்று. "அவர் சொல்றது சரியாத்தானேக்கா இருக்கு?"

"அவர் போகலைங்கிறது உண்மையா இருந்தா சரி. காலையில பஸ்ஸுக்கு வந்துடு."

செவ்வாய்க்கிழமை காலை மழை விட்டு வெயில் ஏறியிருந்தது. குளத்தைக் கண்டதும் ரஷீதா செருப்பைக் கழற்றினாள். சிவகாமசுந்தரி அவள் தோளைப் பிடித்து நிறுத்தி, பையிலிருந்து ரப்பர் பூட்சையும் நீளக் கையுறையையும் எடுத்துக் கொடுத்தாள்.

"பரிசோதனைக்கு நம்ம தோல் வேண்டாம்."

தாமரை இலைகளின் அடியில் நகக்கண் அளவு நத்தைகள் ஒட்டியிருந்தன. ரஷீதா அவற்றைப் பொறுக்கிப் புட்டியில் போட்டுக்கொண்டே எதிர்க்கரைவரை போய்விட்டாள். அங்கே கரை செங்குத்தாக இருந்தது. இறங்க முடியாது, குப்புறப் படுத்துக் கையைத்தான் விடலாம்.

"அக்கா, இங்க வாங்களேன்! யாரோ கண்ணி வச்சிருக்காங்க."

நாணல் வேரில், தண்ணீருக்கு ஒரு சாண் கீழே, முளை அடித்துத் தூண்டில் நரம்பு கட்டியிருந்தது. சுருக்குகள் மட்டும் மேலே மிதந்தன. ஒன்றில் பழுப்பு நிற இறகு சிக்கியிருந்தது. சிவகாமசுந்தரி வெகுநேரம் அதைப் பார்த்தாள். தொடவில்லை.

ஆய்வுக்கூடத்தில் நத்தைகளைக் குவளைகளில் பிரித்துச் சன்னலோரம் வெயிலில் வைத்தார்கள். இரண்டு மணிக்கு ஒரு குவளையின் நீர் லேசாகக் கலங்கினாற்போல் தெரிந்தது. ரஷீதா ஒரு சொட்டு எடுத்து நுண்ணோக்கியில் வைத்தாள். உடனே கத்தினாள். வால் இரண்டாகப் பிளந்த இளம்புழுக்கள் நூற்றுக்கணக்கில் துள்ளிக்கொண்டிருந்தன.

ஐந்தரை மணிக்கு அவர்கள் மன்றத்துக்குள் நுழைந்தபோது சுந்தரம் கொடிக்கயிற்றை அவிழ்த்துச் சுருட்டி முடித்திருந்தான். பூவம்மா சட்டி பானைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அழகப்பன், தனசேகரன், தொண்டர்கள் எல்லோரும் கூடத்தில் இருந்தார்கள்.

"சுருக்கமாச் சொல்றேன்," என்று சிவகாமசுந்தரி தொடங்கினாள். "நீர்ப்பறவையோட உடம்புல ஒரு புழு வாழுது. அதோட முட்டை எச்சத்தோட தண்ணியில விழுது. பொரிச்சு வர்ற குஞ்சு நத்தைக்குள்ள போய்ப் பெருகுது. வெயில் வந்தா நத்தையை விட்டு வெளிய வந்து, மறுபடியும் ஒரு பறவையோட தோலைத் தேடுது. அப்ப மனுஷக் காலு கிடைச்சா, வித்தியாசம் தெரியாம அதுக்குள்ள நுழைஞ்சிடும். நம்ம உடம்புல அதால வாழ முடியாது, தோலுக்குள்ளயே செத்துடும். அந்த அரிப்புதான் உங்களுக்கு. தானா ஆறிடும்."

"அப்ப துணி?" என்றார் அழகப்பன்.

"நீங்க எல்லாரும் வேட்டியைத் தூக்கிச் சொருகியிருந்தீங்க. துணி பட்ட இடத்துல ஒண்ணுமில்ல. தண்ணி பட்ட இடத்துலதான் இருக்கு. குறி போட்ட இடுப்புல யாருக்காவது ஒரு புள்ளி இருக்கா?"

ஒருவர் மட்டும் இடுப்பைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"அடுத்து பாலகிருஷ்ணன். சுந்தரம் வெளுத்த துணியைச் சின்ன வயசுலேர்ந்து கட்டறார். துணிதான் காரணம்னா அவருக்குத்தான் மோசமா இருக்கணும். இந்தப் புழு முதல் தடவை நுழைஞ்சா உடம்புக்கு அவ்வளவாத் தெரியாது. திரும்பத் திரும்ப நுழைஞ்சாத்தான் உடம்பு சீறும். மூணு ஞாயிறு இறங்கினவங்களுக்குத் திட்டு. ஒரு தடவை இறங்கினவருக்கு ரெண்டு புள்ளி." அவள் தனசேகரனின் கைகளைப் பார்த்தாள். "கொப்புளம் வந்தவர் அதைவிட அதிகமா அந்தத் தண்ணியைத் தொட்டிருக்கார்."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அபாண்டம்!" என்றார் தனசேகரன். "நான் குளத்தைக் கண்ணாலயும் பாத்ததில்ல."

"அங்க மிதந்தது சிறகின்னு உங்களுக்கு யார் சொன்னா சார்? பாத்தவர் வாத்துன்னுதான் சொன்னார். நீங்க திருத்தினீங்க."

தனசேகரன் கைகளை மஞ்சள் துண்டுக்குள் இழுத்துக்கொண்டார்.

அழகப்பன் எழுந்தார். "தங்கச்சி, உங்க படிப்பு பெருசு. ஆனா விரதத்துல இருக்கிறவர் போகலைன்னு சொல்றார். ஒரு வார்த்தையை வச்சு அவரை நான் சந்தேகப்பட மாட்டேன். அவர் வாயால வேற சொன்னாத்தான் தீர்மானம் மாறும்."

ரஷீதாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. நாணலும் நரம்பும் இறகும் அவள் நாக்கு நுனியில் நின்றன. அவள் வாயைத் திறப்பதற்குள் சிவகாமசுந்தரி அவள் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள்.

"சார்," என்று அவள் தனசேகரனிடம் தணிந்த குரலில் சொன்னாள், "தண்ணியில கை விட்டீங்கன்னு என்னால சொல்ல முடியும். எதுக்குன்னு நான் சொல்ல மாட்டேன். அது உங்களுக்கும் உங்க விரதத்துக்கும் நடுவுல. ஆனா சுந்தரத்துக்கு இன்னும் கால் மணி நேரம்தான் இருக்கு. வெளிய சாமான் ஏத்தறாங்க."

பின்புறம் தள்ளுவண்டியில் இஸ்திரிப் பெட்டி இறங்கும் சத்தம் கனமாகக் கேட்டது. தனசேகரன் அந்தப் பக்கம் பார்த்தார். அப்புறம் தலைவரைப் பார்த்தார். வருடா வருடம் தமக்குக் காவடி தூக்கிக் கொடுத்த அந்த நான்கு பேரையும் பார்த்தார். துண்டுக்குள்ளிருந்து கைகளை வெளியே எடுத்தார்.

"வண்டியை நிறுத்தச் சொல்லுங்க தலைவரே," என்றார். "கண்ணி வச்சது நான்தான். விரதம் தொடங்கின நாள்லேர்ந்து அந்தக் குளத்துல சிறகி பிடிச்சுத் தின்னுக்கிட்டிருக்கேன்."