வந்த அன்று இருந்தபடியே

மழை நின்றது. கொஞ்சம் கொஞ்சமாக ஓய்ந்து நிற்கிற மாதிரி இல்லை. அழுகிற பிள்ளையின் வாயைச் சட்டென்று பொத்தினால் எப்படி இருக்கும், அப்படி. ஜன்னல் கம்பியில் திரண்டிருந்த சொட்டு கீழே விழாமல் அங்கேயே தொங்கியது. அவன் அதைப் பார்த்தான். பார்த்துவிட்டு, நமக்கென்ன என்று மறுபடி திரைக்குத் திரும்பினான்.

மனைவிக்காக வாங்கிய புது லேப்டாப். அட்டைப்பெட்டி நெடி இன்னும் மேஜையைச் சுற்றி இருந்தது. திறந்தால் உள்ளே கேட்காத சாமான் நாற்பது. கம்பெனிக்காரன் தலையில் கட்டி அனுப்பிய குப்பை. இப்போதுதான் வானிலை சொல்கிற ஒன்றைத் தூக்கியிருந்தான். கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் அவனுக்கு விளக்குமாறு என்றே பேர். எந்த மெஷின் வந்தாலும் முதலில் கூட்டித் தள்ளிவிட்டுத்தான் மறுவேலை. 'நிச்சயமாக நீக்கவா?' என்று திரை கேட்டு முடிப்பதற்குள் விரல் 'ஆம்' அழுத்தியிருக்கும். அதையெல்லாம் உட்கார்ந்து படிக்க அவனுக்கென்ன பைத்தியமா?

ட்ரிங்.

பின்னறையில் சைக்கிள் மணி. பக்கவாதத்தில் பேச்சுப் போன அம்மாவுக்காக, மூன்று வருஷம் முன்பு கட்டில் சட்டத்தில் அவனே மாட்டியது. தண்ணீருக்கு ஒரு தடவை, புரட்டிப் படுக்கவைக்க இரண்டு தடவை. மாட்டிய நாளிலிருந்து அவன் நிம்மதி போச்சு.

"என்னங்க, அத்தை கூப்பிடறாங்க. என் கையெல்லாம் சோப்பு," என்றாள் மனைவி சமையலறையிலிருந்து. குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

"போறேன், போறேன். இப்ப என்ன உயிரா போகுது?"

பாட்டுப் போடுகிற மென்பொருளை நீக்கினான். பக்கத்து வீட்டு ரேடியோ பாதி வரியில் அறுந்தது. கடிகாரத்தை நீக்கினான். காலடியில் படுத்துக் கலர் பென்சிலால் கிறுக்கிக்கொண்டிருந்த மகள் சுவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்பா, கடிகாரம் தூங்கிடுச்சு."

"பேட்டரி போயிருக்கும்டா கண்ணு."

சொன்னானே தவிர, ஏதோ சரியில்லை என்று மனசு அடித்துக்கொண்டது. ஆனால் பட்டியலில் ஒன்றே ஒன்றுதான் பாக்கி, பாதியில் விட்டுப் பழக்கமில்லை. கடைசியாக இருந்த அதற்குப் படமும் இல்லை, பேரும் இல்லை. நிறுவிய நாள் மட்டும் இருந்தது. அவன் பிறப்பதற்கு ஒரு வருஷம் முந்தைய தேதி. நேற்று வாங்கிய மெஷினில்! கம்பெனிக்காரன் லட்சணம் இதுதான் என்று சிரித்துக்கொண்டே நீக்கப் போனான்.

'ஏன் நீக்குகிறீர்கள்?' என்று கேட்டு மூன்று காரணம் காட்டியது. பயன் இல்லை. இடத்தை அடைக்கிறது. தொந்தரவு.

ட்ரிங். ட்ரிங்.

"சே!" மூன்றாவதை அழுத்தினான். ஆம்.

ட்ரி

அவ்வளவுதான்.

அப்பாடா என்று இருந்தது. நிஜமாகவே இருந்தது, மூன்று வருஷத்தில் அப்படி ஒரு மூச்சு விட்டதில்லை. பிறகுதான் மூக்குக்கு உறைத்தது. பின்னறையிலிருந்து எப்போதும் வருகிற டெட்டாலும் தைலமும் மூத்திரமும் கலந்த வாடை இல்லை.

ஓடினான். கட்டில் இல்லை. பழைய மானிட்டர்களும் அட்டைப்பெட்டிகளும் கூரை வரை அடுக்கியிருந்தன. தரையில் கட்டில் கால் பதிந்த தடம்கூட இல்லை.

"அம்மா எங்க?"

மனைவி சோப்புக் கையோடு எட்டிப் பார்த்தாள். "எந்த அம்மா? அது எப்பவும் சாமான் போடற ரூம்தானே? என்னங்க, உடம்பு சரியில்லையா?" நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் குழாயடிக்குப் போனாள்.

தொந்தரவு என்று அவன்தானே அழுத்தினான். அவன் கைதானே. ஐயோ அம்மா, ஐயோ அம்மா என்று புலம்பிக்கொண்டே மேஜைக்கு வந்து விழுந்தான். மகள் பின்னால் வந்து அவன் முதுகில் சாய்ந்துகொண்டாள். "அப்பா அழாதப்பா."

வழி தெரியும். மெஷின் கம்பெனியை விட்டுக் கிளம்பியபோது எப்படி இருந்ததோ அதன் பிரதி ஒன்று உள்ளே மூலையில் ஒளிந்திருக்கும். ஒரு பொத்தான் போதும், முதல் நாள் நிலைக்குப் போய்விடும். அதைத் தொடுவதற்கு முன்னால் சொந்தச் சமாசாரத்தையெல்லாம் வெளியே எடுத்து வைத்துவிட வேண்டும் என்று கடைக்கு வருகிறவர்களிடம் தினமும் தொண்டை கிழியக் கத்துகிறவன் அவன்தான். அது இப்போது நினைவுக்கு வரவில்லை. திரையில் பொடி எழுத்தில் என்னவோ விரிந்தது. ஆம்.

பத்து சதவீதம். மழை இரைந்தது. கடிகாரம் ஓடியது. இருபது.

ட்ரிங்.

"அம்மா!" என்று கதறினான். சிரித்தான். வந்துட்டேம்மா, இனிமே ஒரு தடவைகூடக் காக்க வைக்க மாட்டேம்மா.

நாற்பது. சமையலறைக் குழாய் நின்றது.

முதுகில் பாரம் இல்லை.

"கண்ணு?"

தரையில் பென்சில் இல்லை. கிறுக்கல் இல்லை. கொடியில் சின்னச் சட்டை இல்லை. மனைவியைப் பேர் சொல்லிக் கூப்பிட வாயெடுத்தான். பேர் வரவில்லை.

அப்போதுதான் படித்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக, எழுத்துக்கூட்டிப் படித்தான். 'வந்த அன்று இருந்தபடியே ஆகும். பிறகு சேர்ந்தது எதுவும் மிஞ்சாது.' பேரில்லாத அந்தக் கடைசி ஒன்றின் தேதி, அம்மா கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாள்.

எண்பது. நிறுத்தப் பொத்தான் இல்லை. மூடியை அறைந்து சாத்தினான். இடுக்கில் வெளிச்சம் ஓடியது.

பின்னறை மணி நின்றது. காலடிச் சத்தம். மூன்று வருஷமாக நடக்காத கால்.

பின்னறை வாசற்படியில் ஒரு பெண். இருபது வயசு இருக்கும். கறுகறுவென்று முடி. நிறைமாச வயிறு.

"யாருங்க நீங்க? வீட்டுக்குள்ள எப்படி வந்தீங்க?"

அம்மாவின் குரல். மறந்தேபோயிருந்த குரல்.

பதில் சொல்ல வாயைத் திறந்தான், உள்ளே நாக்கு இல்லை. மேஜையைப் பிடித்தான். விரல் மேஜைக்குள் போனது.

அவள் திடுக்கிட்டுக் குனிந்தாள். இரண்டு கையாலும் வயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அது அவள் கைகளுக்குள்ளேயே மெல்ல, மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.