மணிக்கட்டு சொன்ன பொய்

போன் அலறியது.

இன்ஸ்பெக்டர் எடுத்தாள்.

"மேடம்... அப்பா எழுந்திருக்க மாட்டேங்கறார். உடம்பு சில்லுனு இருக்கு..."

பெண் குரல். அதற்கு மேல் அழுகைதான் வந்தது.

செத்தவர் மரச்சாமான் கடை முதலாளி. வீடு ஏழாவது மாடியில். சொந்தக் கடையில் செய்த சாய்வு நாற்காலியில், முகத்தில் அமுக்கிய தலையணையோடு கிடந்தார். அன்று காலை லிஃப்ட் ரிப்பேர். வாட்ச்மேன் டீ குடித்துவிட்டு வருவதற்குள் எவனோ படியேறி, காரியத்தைக் கச்சிதமாக முடித்துவிட்டு, படியிறங்கிப் போயிருக்கிறான்.

"யார் மேலயாவது சந்தேகமாம்மா?"

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"என் வீட்டுக்காரர் மேலதான் மேடம்."

கடையை மகள் பெயருக்கு எழுதப்போகிறேன் என்று மாமனார் சொன்ன நாளிலிருந்து, மாப்பிள்ளை அந்த வீட்டில் முகம் கொடுத்துப் பேசவில்லையாம்.

"உங்க அப்பாவைக் கொன்னவனை நான் விடமாட்டேன்மா," என்று இன்ஸ்பெக்டர் வாயை விட்டுவிட்டாள். சொன்ன பிறகுதான் யோசித்தாள். சாட்சி? ஒருவரும் இல்லை. கைரேகை? அதுவும் இல்லை.

மறுநாள். போலீஸ் ஸ்டேஷன்.

மாப்பிள்ளை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"நான் ஹார்ட் பேஷண்ட் மேடம். பத்துப் படி ஏறினா மூச்சு வாங்கும். ஏழு மாடி ஏறி அவர் உயிரை எடுக்கணும்னா... மூணாவது மாடியிலேயே என் உயிர் போயிருக்கும்."

"அந்த நேரத்துல எங்க இருந்தீங்க?"

"பார்க்குல. சமதரையில மெதுவா ஓடலாம்னு சொல்லியிருக்காங்க. சின்னச் சின்ன அடியா வெச்சு, குடுகுடுன்னு ஓடிக்கிட்டிருந்தேன்."

இன்ஸ்பெக்டர், இதயத்துடிப்பைப் பதிவு செய்யும் ஒரு வாட்சை மேசை மேல் வைத்தாள். அவன் மணிக்கட்டிலிருந்து கழற்றியது. அவளிடம் இருந்த ஒரே துருப்புச்சீட்டு அதுதான்.

"குளிக்கும்போதுகூட இதைக் கழட்ட மாட்டீங்களாம். உங்க மனைவி சொன்னாங்க. அந்த நேரத்துல உங்க இதயத்துடிப்பு நிமிஷத்துக்கு நூத்தி எழுபத்திரெண்டு. மெதுவா ஓடின ஹார்ட் பேஷண்டுக்கு அது ஏன் இப்படி எகிறிச்சு?"

மாப்பிள்ளை திருதிருவென்று விழித்தான்.

அவனுடைய வக்கீல் விழிக்கவில்லை. மனிதர் தயாராக ஒரு டாக்டரையே கூட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"வாட்ச் பொய் சொல்லுது இன்ஸ்பெக்டர். டாக்டர்... நீங்க விளக்குங்க."

டாக்டர் ஓட்டக்காரர்களுக்கு வைத்தியம் பார்ப்பவர். இதயத்துடிப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவருக்குச் சோறு தண்ணி வேண்டாம்.

"வாட்சுக்கு அடியில பச்சையா ஒரு லைட் எரியும் பார்த்திருக்கீங்களா? தோலுக்குள்ள ரத்தம் ஏறி இறங்கறதை அந்த வெளிச்சத்தை வெச்சு எண்ணும். சும்மா உட்கார்ந்திருந்தா ஒழுங்கா எண்ணும். ஓடும்போது கை ஆடுதா... ஸ்ட்ராப் லூஸா இருந்தா வாட்சும் ஆடும். அப்ப அதுக்குக் குழப்பம். துடிப்பை விட்டுட்டு, காலடியை எண்ண ஆரம்பிச்சுடும்."

"அதாவது வேலையை விட்டுட்டு வேடிக்கை பார்க்கும்," என்றார் ஓரமாக நின்ற ஏட்டு. "நம்ம ஸ்டேஷன்லயே ரெண்டு பேர் அப்படி இருக்காங்க மேடம்."

இன்ஸ்பெக்டர் முறைத்தாள்.

"இங்கயே நிரூபிக்கறோம்," என்றார் வக்கீல். "நெஞ்சைச் சுத்திக் கட்டற பட்டை ஒண்ணு டாக்டர்கிட்ட இருக்கு. அது துடிப்பைச் சரியாக் காட்டும். வாட்ச், பட்டை ரெண்டையும் கட்டி இவரை ஓட விடுங்க. ரெண்டும் ஒத்துப்போகலைன்னா... என் கட்சிக்காரரை வீட்டுக்கு அனுப்பிடணும்."

இன்ஸ்பெக்டருக்கு மறுக்க வழியில்லை.

"ஏட்டு, நீங்களும் கூடவே ஓடுங்க."

"நான் ஓடினா நீங்க இன்னொரு கேஸ் எழுத வேண்டியிருக்கும் மேடம்."

ஓடினார்கள். ஸ்டேஷன் பின்புறம், பறிமுதல் செய்து துருப்பிடித்துக் கிடந்த பைக்குகளைச் சுற்றிச் சுற்றி... மாப்பிள்ளை குடுகுடு. ஏட்டு தொப்பையோடு திடுதிடு.

ஒரு திருப்பத்தில் ஏட்டு முந்திவிட்டார்!

மாப்பிள்ளையால் பொறுக்க முடியவில்லை. சட்டென்று வேகம் எடுத்தான்.

"மெதுவா... மெதுவா..." என்று வக்கீல் பதறினார்.

அவன் வேகத்தைக் குறைத்தான். ஆனால் வாயைக் குறைக்கவில்லை. "தோளை விறைக்காதீங்க ஏட்டய்யா. மூச்சை வயித்துலேர்ந்து விடுங்க. குதிகாலை ஏன் இப்படித் தரையில குத்தறீங்க..."

ஏட்டு இரைக்க இரைக்க நின்றார். ஒரு பைக் மேல் சாய்ந்துவிட்டார்.

டாக்டர் ஓட்டத்தை நிறுத்தச் சொன்னார். வாட்சைப் பார்த்தார். பட்டையோடு இணைத்திருந்த தன் செல்போனையும் பார்த்தார்.

"வாட்ச் சொல்றது நூத்தி எழுபது. நான் எண்ணின காலடியும் நிமிஷத்துக்கு நூத்தி எழுபது. ஆனா நிஜமான துடிப்பு... தொண்ணூத்தியெட்டு."

வக்கீல் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். "அப்ப நாங்க கிளம்பலாமா?"

இன்ஸ்பெக்டர் டாக்டரின் செல்போனை எட்டிப் பார்த்தாள். அந்தப் பெண்ணின் முகத்தில் இனி எப்படி விழிப்பது? விடமாட்டேன் என்று வாயை விட்டவள் இவள்தான். இப்போது துருப்புச்சீட்டும் போய்விட்டது.

வக்கீல் கிளம்பியும் டாக்டர் நகரவில்லை. செல்போனையே பார்த்தபடி நின்றார்.

"தொண்ணூத்தியெட்டு... இவ்ளோ நேரம் ஓடியும் நூறைத் தொடலையே. அடேயப்பா."

"டாக்டர், வந்த வேலை முடிஞ்சுது," என்று வக்கீல் அவர் கையைப் பிடித்து இழுத்தார்.

இன்ஸ்பெக்டர் குறுக்கே வந்து நின்றாள்.

"ஹார்ட் மாத்திரை போட்டா துடிப்பு குறையுமா டாக்டர்?"

"குறையும். ஆனா நோயாளிக்கு மூச்சு வாங்குமே? இவர் உங்க ஏட்டுக்கு வகுப்பு எடுத்துக்கிட்டே ஓடினாரே. இது வருஷக்கணக்கா ஓடிப் பழக்கின இதயம்மா. என் சர்வீஸ்ல இப்படி ஒண்ணைப் பார்த்ததில்லை."

"டாக்டர்..." வக்கீலின் குரல் உடைந்தது.

"அப்ப இவரால ஏழு மாடி ஏற முடியுமா?"

"ஏழு மாடியா? தூசு மாதிரி. என்ன... ஒரு அஞ்சு நிமிஷம் ஆகும்."

மாப்பிள்ளையின் தலை வெடுக்கென்று நிமிர்ந்தது. முகத்தில் அப்படி ஒரு ரோஷம்.

"அஞ்சு நிமிஷமா? என்னைப் பார்த்தா அப்படியா தெரியுது? ரெண்டே நிமிஷத்துல அவர் கதவுக்கு முன்னால நின்னேன்."

ஏட்டு பைக்கிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார்.

வக்கீல் மெல்லப் போய் ஏட்டுக்குப் பக்கத்து பைக் மேல் உட்கார்ந்தார். மாப்பிள்ளை தன் வாயைத் தானே பொத்திக்கொண்டான். டாக்டரின் செல்போனில் எண் ஏறியது... நூற்று இருபது... நூற்று ஐம்பது...

"நிக்கும்போதே ஏறுது," என்று டாக்டர் முணுமுணுத்தார். "இது சரியான கணக்குதான்."

இன்ஸ்பெக்டர் போனை எடுத்து அந்தப் பெண்ணுக்குப் போட்டாள். "பிடிச்சாச்சும்மா," என்றாள். எதிர்முனையில் வெகுநேரம் அழுகை மட்டும் கேட்டது. இவளுக்கும் கண் கலங்கியது.

ஏட்டு தட்டுத்தடுமாறி எழுந்து வந்து விலங்கை மாட்டினார். இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது அவருக்கு.

"உடம்பை இவ்ளோ நல்லாப் பார்த்துக்கிட்டீங்களே சார்... உங்களுக்கு ஆயுள் தண்டனை ரொம்ப நீளமா இருக்கப்போகுது."