சொல்லக் கூடாத பெயர்

துணியை விலக்கினார் டிரெஸ்ஸர் அய்யாவு.

கிள்ளான் ஆஸ்பத்திரியின் பின்கட்டு. சிமெண்டு மேடைமேல் ஒரு பெண்ணின் உடல். ஆற்றில் ஊறிப்போன உடல். முகம் என்று சொல்ல அங்கே எதுவும் மிச்சமில்லை…

சேலை மட்டும் மிச்சமிருந்தது. பச்சைச் சேலை. சிவப்புக் கரை.

"நல்லாப் பாருங்கண்ணே. உங்க மூத்த மகளக் காணோம்னு உங்க தெருவுல பேசிக்கிறாங்களாம். போலீஸ்காரரு காதுல விழுந்திருக்கு. அதான் கூப்பிட்டு விட்டோம்."

பக்கிரிசாமி பார்த்தார்.

ரயில்வேயில் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்றவர். பிரிக்ஃபீல்ட்ஸ் தெருவில் அவர் நடந்து வந்தால் இளவட்டங்கள் பீடியை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொள்ளும். அப்படிப்பட்ட மனிதர்.

"என் மக இல்ல," என்றார்.

"உறுதியாத் தெரியுமா?"

"என் மக வீட்டுல இருக்கா. மெடான்ல இருக்கிற புருஷன்கிட்டப் போறதுக்கு மூட்டை கட்டிக்கிட்டிருக்கா."

பக்கத்தில் நின்ற போலீஸ்காரர் தலையாட்டினார். அய்யாவு துணியை மூடினார்.

அவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது.

வெளியே வந்து மரத்தடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார் பக்கிரிசாமி. அந்தப் பச்சைச் சேலை, தீபாவளிக்கு அவரே சீதாலெட்சுமிக்கு எடுத்துக் கொடுத்தது…

போன வாரம் மஸ்ஜித் இந்தியா வீதியில், ஒரு துணிக்கடை வாசலில், சீதாலெட்சுமி ஒரு துருக்கித் தொப்பிக்காரனோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்ததைக் கண்ணால் கண்டார். அன்று சாயங்காலம் அவள் வீடு திரும்பியபோது கதவை உள்ளே தாழிட்டார்.

"அப்பா, நான் சொல்றதக் கொஞ்சம் கேளுங்கப்பா…"

"எவன்கிட்டப் பல்லைக் காட்டினியோ, அவன் வீட்டுக்கே போ."

அவள் தட்டினாள். வெகுநேரம் தட்டினாள். தட்டுவது நின்றதும், நல்லவேளை, தெருவுக்குக் கேட்கவில்லை என்று நினைத்தார்.

அப்படி நினைத்த நெஞ்சுதான் இப்போது அடித்துக்கொண்டது.

*

"பேரு?"

"தங்கம…"

"என்ன?"

"சீதாலெட்சுமி," என்றாள் தங்கமணி. இளையவள். கண்கள் வீங்கியிருந்தன. அக்கா ஆற்றில் போய்விட்டாள் என்று அப்பா ஒரே வரியில் சொல்லி, அழுவதற்கும் தடை போட்டிருந்தார்.

"புருஷன் பேரு?"

"ரெங்கசாமி."

"வாய்க்குள்ள முணுமுணுக்காதே. டச்சுக் கான்சல் துரை முன்னால உக்காந்திருக்கிறதா நெனச்சுக்க. தொண்டையைத் தொறந்து சொல்லு."

"ரெங்கசாமி. மெடான் பக்கம் புகையிலைத் தோட்டத்துல கணக்கு எழுதுற கிராணி வேலை. மாமா காப்பி குடிக்க மாட்டாரு, தேத்தண்ணிதான். அக்கா சொல்லியிருக்கா…"

"அக்கா பேச்சை எடுக்காதே."

"அப்பா… மாமாவுக்கு என்ன பதில் சொல்லப் போறீங்க? கப்பல்லேருந்து நான் எறங்கினா அவருக்குத் தெரியாதா?"

"மாப்பிள்ளைக்கு விஷயத்தை நான் எழுதிக்கிறேன். அக்கா போனா தங்கச்சியக் கட்டுறது நம்ம சனத்துல நடக்குறதுதான்."

"என்னை யாரும் கேக்கலியே."

பக்கிரிசாமி சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார்.

மெடான் டச்சுக்காரர் ஆளும் ஊர். மனைவியை வரவழைக்க ரெங்கசாமி அங்கே மனுப் போட்டாகிவிட்டது. கான்சலைப் பார்க்க நாளும் குறித்து வந்துவிட்டது. அந்த நாளில் சீதாலெட்சுமி என்று ஒருத்தி போய் நிற்காவிட்டால் தெரு கேட்கும். தெரு கேட்டால் போலீஸ் கேட்கும். போலீஸ் கேட்டால் அந்தச் சிமெண்டு மேடை…

மகளை ஆற்றுக்கு அனுப்பியவர் என்று ஊர் காறித் துப்பும். அதைவிட, இன்னொரு மகளைக் கப்பலேற்றுவது அவருக்குச் சுலபமாக இருந்தது.

"மறுபடியும் மொதல்லேருந்து. பேரு?"

*

ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியின் மாடியில் இருந்தது டச்சுக் கான்சலின் அலுவலகம்.

மேசைக்குப் பின்னால் வழுக்கைத் தலைத் துரை. பக்கத்தில் துபாஷி.

பக்கிரிசாமி துபாஷியை அடையாளம் கண்டுகொண்டார்.

துருக்கித் தொப்பி. அதே முகம். மஸ்ஜித் இந்தியா வீதியில் நின்றவன்.

இவன்தான்… என் மகளைக் கெடுத்து ஆற்றில் தள்ளியவன் இவன்தான்.

பாயலாம் என்றால் கை வரவில்லை. கத்தலாம் என்றால் வாய் வரவில்லை. கத்தினால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற சீதாலெட்சுமி யார் என்று துரை கேட்பாரே.

"என் பேரு சனாவுல்லா," என்றான் அவன் தங்கமணியிடம். "துரை மலாய்ல கேப்பாரு, நான் தமிழ்ல சொல்வேன். பயப்படாதீங்க. உங்க பேரு?"

"சீதாலெட்சுமி."

சனாவுல்லாவின் புருவம் ஏறி இறங்கியது. பக்கிரிசாமியை ஒரு தரம் பார்த்துக்கொண்டான்.

"வீட்டுக்காரர் பேரு?"

"ரெங்கசாமி."

கோயில் மணி அடித்த மாதிரி வந்தது பதில். பக்கிரிசாமி மூச்சை விட்டார்.

அப்போதுதான் அது நடந்தது.

துரை பேனாவைக் கீழே வைத்தார். சனாவுல்லாவிடம் மலாயில் ஏதோ சொன்னார்.

"இன்னொரு தரம் சொல்லச் சொல்றாரும்மா."

"ரெங்கசாமி."

துரை நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"பெரியவரே," என்றான் சனாவுல்லா மெதுவாக, "இந்தப் பொண்ணுக்கு இன்னும் கல்யாணமே ஆகலன்னு துரை சொல்றாரு."

"என்ன… என்ன உளர்ற?"

"காலையில ஒரு அம்மா வந்திருந்தாங்க. அவங்களும் சீதாலெட்சுமிதான். வீட்டுக்காரர் பேர அவங்க வாயிலேருந்து வாங்க எங்களால முடியல. 'ஸ்ரீரங்கத்துல பாம்பு மேல படுத்திருக்காரே, அவரு பேருதான்'னாங்க. நான் பாம்புலேருந்து ஆரம்பிச்சு துரைக்கு விளக்க வேண்டியதாப் போச்சு. நம்ம பொம்பளைங்க புருஷன் பேரச் சொல்ல மாட்டாங்க துரைன்னேன். காலையில படிச்ச பாடத்தை மனுஷன் மத்தியானத்துக்குள்ள மறக்கல."



அவருடைய மனைவி வீரம்மா. சாகிற அன்றுகூட "இந்தாங்க" என்றுதான் கூப்பிட்டாள். ஒரு ஆயுள் முழுக்க அந்த மரியாதையை வாங்கிக்கொண்டவருக்கு, இந்த ஒரு வாரமாக அது ஞாபகம் வரவில்லை. நேற்று அதைத் தெரிந்துகொண்ட வெள்ளைக்காரனாக இருந்தாலும் பரவாயில்லை. இன்று காலையில் தெரிந்துகொண்டவனிடம் மாட்டிக்கொண்டார்…

பிறகுதான் மற்றது உறைத்தது.

"காலையிலயா? எந்தச் சீதாலெட்சுமி? அவளத்தான் நீ ஆத்துல தள்ளிட்டியே. கிள்ளான் ஆஸ்பத்திரியில நான் பாத்தேன். பச்சைச் சேலை…"

சொல்லிவிட்டார். எல்லாவற்றையும் அவரே சொல்லிவிட்டார்.

தங்கமணி மெல்லத் தலையைத் தூக்கினாள்.

"அந்தச் சேலை என் மச்சான் கடைச் சரக்கு," என்றான் சனாவுல்லா. "கிள்ளான்ல பாதிப் பேரு அதத்தான் கட்டியிருக்காங்க. ஆஸ்பத்திரியில கெடந்தது கேரி தீவுப் பொண்ணு. தோணி கவுந்துருச்சு. புருஷன் வந்து அழுது வாங்கிட்டுப் போனான். பேப்பர்லகூட வந்துச்சே, படிக்கலியா?"

படிக்கவில்லை. அன்றையிலிருந்து பேப்பரைத் தொடவே பயம்.

"உங்க மக கடை வாசல்ல என்கிட்டப் பேசினது நிஜம். கான்சல் என்ன கேப்பாருன்னு விசாரிச்சாங்க. பேரு கேப்பாருன்னேன். அதுக்குத்தான் சிரிச்சாங்க. அன்னிக்குச் சாயங்காலம் அழுதுக்கிட்டு என் வீட்டுக்கு வந்தாங்க. என் சம்சாரம் ரம்லத்துதான் கூட்டி வச்சு சோறு போட்டா."

"அவ… இப்ப எங்க?"

சனாவுல்லா உள்ளறைக் கதவைத் திறந்தான்.

முத்திரைக்காகக் காத்திருந்தாள் சீதாலெட்சுமி. யாருடையதோ ஒரு சேலையில்.

"அக்கா…" தங்கமணி ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள்.

பக்கிரிசாமி மேசைப் பக்கம் திரும்பினார்.

"துரைகிட்டச் சொல்லு தம்பி," என்றார். "சின்னவ மேல தப்பில்ல. நான் சொல்லிக் குடுத்தேன். பொணத்தப் பாத்து என் மகதான்னு நெனச்சேன். நெனச்சும் இல்லன்னு சொன்னேன். போலீஸக் கூப்பிடச் சொல்லு. அங்க நிக்கிறது என் மூத்த மக. அவ மேல எந்தக் குத்தமும் இல்ல."

சனாவுல்லா மொழிபெயர்த்தான். வெகுநேரம் மொழிபெயர்த்தான்.

சீதாலெட்சுமி அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இளைச்சுப் போயிட்டீங்கப்பா," என்றாள்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார்.

துரை தங்கமணியின் பதில்களை எழுதிய தாளை எடுத்து நிதானமாகக் கிழித்தார். கடிகாரத்தைப் பார்த்தார். சனாவுல்லாவிடம் ஏதோ கேட்டார்.

"போலீஸா?" பக்கிரிசாமி நிமிர்ந்தார்.

"இல்ல பெரியவரே. ரெங்கசாமிக்கு இன்னும் எத்தனை பெண்டாட்டி மாடிப்படியில நிக்கிறாங்கன்னு கேக்குறாரு. அவருக்குச் சாப்பாட்டுக்குப் போகணுமாம்."