அலமாரிக்குள் சுரண்டியது யார்?

வீட்டில் எல்லோரும் அவளை முயல் என்றுதான் கூப்பிடுவார்கள். முதல் காரணம், காது. அப்பாவின் வண்டி தெருமுனையில் திரும்பும்போதே "அப்பா வந்தாச்சு!" என்பாள். இன்னொரு காரணம், பயம். காற்றில் கதவு படாரென்று சாத்திக்கொண்டாலே ஒரு முழம் துள்ளுவாள்.

முயலுக்கு ரொம்பப் பயம் தருவது பின்னறை அலமாரி.

பின்னறைதான் அவர்கள் வீட்டின் ஒலிப்பதிவுக்கூடம். பெயர்தான் பெரிது. சுவர்களில் பழைய கம்பளிகள் தொங்கும். ஜன்னலை ஒரு மெத்தை அடைத்து நிற்கும். ஒரு மேசை, ஒரு கணினி, அவ்வளவுதான். சுவரோடு சேர்ந்த பெரிய மர அலமாரிக்குள், கோட்டுகளுக்கு நடுவில், மைக் இருக்கும். அம்மா உள்ளே போய் முக்காலியில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொள்வார். கதவில் கட்டிய சைக்கிள் விளக்கு சிவப்பாக எரியும். அது எரிந்தால் வீட்டில் யாரும் தும்மக்கூடாது.

உள்ளே கும்மிருட்டு. பல்பு போட்டால் அது முனகும் சத்தமும் மைக்கில் பதிந்துவிடும். அதனால் கதை தெரியும் டேப்லெட்டின் வெளிச்சம் மட்டும்தான்.

"அதுக்குள்ள எப்படிம்மா தனியா இருக்க?" என்று முயல் ஒருநாள் கேட்டாள்.

"அதுல என்ன இருக்கு?" என்றார் அம்மா. அப்போது அவர் மடித்த துணியையே மறுபடி மடித்துக்கொண்டிருந்தார்.

அம்மா குழந்தைகளுக்கு ஒலிக்கதை வாசிப்பவர். அப்பா லிஃப்ட் மெக்கானிக். விடுமுறை நாட்களில் அம்மாவின் குரலைப் பதிவு செய்து சீராக்குவது அவர் வேலை.

இப்போது ஒரு பேய்க்கதை வந்திருந்தது. அதன் முதல் அத்தியாயத்தை ஒலிக்கதை நிறுவனத்தின் அக்கா இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார்.

"குரல் நல்லா இருக்குங்க. ஆனா பின்னால ஏதோ சத்தம் வருது" என்று அன்று காலை போனில் சொன்னார். "இன்னைக்கு ராத்திரிக்குள்ள சரியா அனுப்புங்க. இல்லன்னா வேற ஆளைத்தான் பாக்கணும். தப்பா நினைச்சுக்காதீங்க."

அம்மா போனை வைத்துவிட்டு, அந்த அத்தியாயத்தை டேப்லெட்டில் மறுபடி திறந்தார். அந்த வேலை அம்மாவுக்கு எவ்வளவு பிடிக்கும் என்று முயலுக்குத் தெரியும்.

என்ன சத்தம் என்றுதான் யாருக்கும் பிடிபடவில்லை. வீட்டிலிருந்த பழைய ஸ்பீக்கர்கள் கணினியோடு இலவசமாக வந்தவை. ஒன்று கரகரக்கும், மற்றது கத்தும். ஹெட்போனுக்கு ஒரு காது செத்துப்போய் ரொம்ப நாளாகிறது.

அதனால் அப்பா கூப்பிட்டுச் சொன்னதும் ஸ்பீக்கர் கடைக்காரர் இரண்டு ஜோடிகளைக் கொண்டுவந்து வைத்தார். ஒன்று பளபளப்பான கறுப்பு. மற்றது மங்கலான சாம்பல் நிறம்.

"போட்டுப் பாருங்க சார். சாயங்காலம் வரேன். பிடிச்சதை வச்சுக்கிட்டு மத்ததைக் கொடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்பா முதலில் கறுப்பு ஜோடியை இணைத்து, திரும்பி வந்த அத்தியாயத்தை ஓடவிட்டார். அம்மாவின் குரல் தேனாக இனித்தது. மேசையிலிருந்த பேனாகூட அதிர்ந்தது.

"அடேங்கப்பா! இதுதான் ஸ்பீக்கர்!" என்றார் அப்பா. "சத்தமாவது ஒண்ணாவது! அந்தக்கா காதுலதான் கோளாறு."

அடுத்தது சாம்பல் ஜோடி. அதில் அம்மாவின் குரல் சாதாரணமாக இருந்தது. சமையலறையில் பேசுவது போலவே இருந்தது.

"சப்புன்னு இருக்கே" என்று அப்பா முகம் சுளித்தார்.

குரல் தொடர்ந்தது. "அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் யாருமே இல்லை..."

சரக்.

முயல் துள்ளினாள்.

"...இருந்தும் அவன் காதைக் கதவில் வைத்தான்..."

சரக். சரக்.

அப்பா அவசரமாகப் பதிவை நிறுத்தினார். யாரோ நகத்தால் மெதுவாகச் சுரண்டும் சத்தம். அம்மாவின் குரலுக்கு மிக அருகில், காதோடு காதாக.

"உள்ள உன்கூட யாராவது இருந்தாங்களா?" என்று அப்பா கேட்டார்.

"என்னங்க கேள்வி இது? நான் மட்டும்தான் இருந்தேன்!" அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது.

மூவரும் அலமாரியைத் திரும்பிப் பார்த்தார்கள். அதன் கதவு பாதி திறந்திருந்தது. நல்ல பகல்தான். ஆனாலும் அப்பா எழுந்து போய் அறையிலிருந்த எல்லா விளக்குகளையும் போட்டார்.

"எலியா இருக்கும்" என்றார். சொல்லிவிட்டு ஒரு துடைப்பத்தை எடுத்துக்கொண்டார்.

கோட்டுகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார்கள். பைகளைக் குடைந்தார்கள். தொலைந்துபோன ஒற்றைக் காலுறை ஒன்று கிடைத்தது. எலியும் இல்லை, பல்லியும் இல்லை. கோட்டுகளை மறுபடி மாட்டி, அலமாரியைச் சாத்தி, உள்ளே யாரும் இல்லாமல் மைக்கை மட்டும் கொஞ்ச நேரம் ஓடவிட்டார் அப்பா. பிறகு சாம்பல் ஜோடியில் கேட்டார்கள்.

நிசப்தம். ஒரு சரக் கூட இல்லை.

"அப்போ நான் உள்ள போனா மட்டும் அது வருதா?" என்றார் அம்மா.

முயலுக்கு ஓடிப்போய்க் கட்டிலுக்கடியில் ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது.

"வேண்டாம்பா. இந்தச் சாம்பல் டப்பா கெட்டுப்போன டப்பா" என்றார் அப்பா. "இல்லாத சத்தத்தைக் கிளப்புது. கறுப்பையே வச்சுக்கலாம். அதுல ஒண்ணும் கேக்கல, நிம்மதி."

முயலுக்கும் அதுதான் நிம்மதி. கறுப்பு வந்துவிட்டால் அந்தச் சத்தத்தை இனிமேல் கேட்கவே வேண்டாம். ஆனால் அம்மாவின் வேலை?

"அப்பா," என்று மெல்லச் சொன்னாள், "அந்தக்காவுக்கும் சத்தம் கேட்டுச்சுல்ல? சாம்பல் பொய் சொல்லல. கறுப்புதான் மறைக்குது."

அப்பா தலையைச் சொறிந்தார். "அட, ஆமா."

"இன்னொரு தடவை போடுங்க."

அப்பா மறுபடி ஓடவிட்டார். முயல் கண்ணை இறுக மூடிக்கொண்டு கேட்டாள். சரக். புது வாக்கியம் தொடங்கும் முன் ஒன்று. நீளமான சொல் வரும்போது இரண்டு. பக்கம் முடியும் இடத்தில் சரக் சரக் சரக்.

பதிவு முடிந்தது. அப்பா ஸ்பீக்கரை அணைத்தார்.

சரக்.

முயலுக்கு மூச்சே நின்றுவிட்டது. ஸ்பீக்கர் அணைந்த பிறகும் கேட்கிறதே! அதுவும் மிகப் பக்கத்தில்!

குனிந்து பார்த்தாள். அவளுடைய கட்டைவிரல் நகம் கவுனின் ஓரத் தையலைச் சுரண்டிக்கொண்டிருந்தது. வகுப்பில் ஆசிரியர் எழுந்து வாசிக்கச் சொன்னால் அவள் கை எப்போதும் செய்யும் வேலை அது. பயம் வந்தால் போதும், விரல் தானாகப் போய்விடும்.

மெதுவாகத் திரும்பி அம்மாவின் கையைப் பார்த்தாள். அம்மாவின் கட்டைவிரல் சட்டையின் ஓரத் தையல் மேல் இருந்தது.

சரக். சரக்.

"அம்மா! பேய் இல்லம்மா. உன் விரல்!"

அம்மா தன் கையை யாருடையதோ என்பது போலப் பார்த்தார். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"எனக்கு அதுக்குள்ள போனாலே பயம்" என்றார். "கதவைச் சாத்தினதும் நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது. போதாததுக்கு, தப்பா வாசிச்சு இந்த வேலையும் போயிடுமோன்னு வேற. உங்க ரெண்டு பேர்கிட்டயும் எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

முயலுக்கு ஆச்சரியமாக இருந்தது. பெரியவர்களுக்குப் பயம் கிடையாது என்றுதான் அவள் இதுவரை நினைத்திருந்தாள்.

"இவ்வளவுதானே? கையைத் தொடைக்கடியில வச்சுக்கிட்டு உக்காரு" என்று அப்பா வழி சொன்னார்.

அம்மா அலமாரிக்குள் போய் அப்படியே உட்கார்ந்து வாசித்துப் பார்த்தார். கை சும்மா இருந்தது. கால் முக்காலியைத் தட்டியது. காலை மடித்துக்கொண்டார். குரல் நடுங்கியது.

வெளியே வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. கடைக்காரர் வரும் நேரம். அம்மா வெளியே வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"விடுங்க. வேற ஆளையே பாத்துக்கச் சொல்லிடலாம்."

முயல் அலமாரியைப் பார்த்தாள். கறுப்பாக வாயைத் திறந்துகொண்டு நின்றது.

"நானும் உள்ள வரேம்மா" என்றாள். "என் கையைப் பிடிச்சுக்கோ."

"நீயா? உனக்குத்தான் இருட்டுன்னாலே..."

"பயம்தான். ரொம்பப் பயம். அதனாலதான் கையைப் பிடிச்சுக்கோன்னு சொல்றேன்."

அம்மா கதவைச் சாத்தினார். கோட்டுகள் தோளில் உரசின. ஒவ்வொரு கோட்டுக்குள்ளும் யாரோ நிற்பது போலிருந்தது. டேப்லெட்டின் நீல வெளிச்சத்தில் அம்மாவின் முகம்கூட வேறு மாதிரி தெரிந்தது. முயலுக்கு அலற வேண்டும் போலிருந்தது. அப்போது அம்மாவின் கை அவள் கையைத் தேடி வந்தது. சில்லென்று, வியர்த்துப்போன கை. முயல் அதை இரண்டு கைகளாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

அம்மா வாசிக்க ஆரம்பித்தார். முதல் வாக்கியத்தில் அம்மாவின் கட்டைவிரல் துடித்தது. முயல் அழுத்தினாள். கதையில் கதவு தானாகத் திறந்தபோது முயலின் விரல் துடித்தது. அம்மா அழுத்தினார். இப்படியே கடைசிப் பக்கம் வரை போனார்கள்.

வெளியே வந்ததும் சாம்பல் ஜோடியில் கேட்டார்கள். அம்மாவின் குரல் மட்டும் தெளிவாக வந்தது. அதன் பின்னால் ஒன்றுமே இல்லை. கடைசிச் சொல் முடிந்து ஒரு நொடி கழித்து, "அப்பாடா!" என்று இரண்டு குரல்கள் ஒன்றாகப் பெருமூச்சு விட்டன.

அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். அந்த "அப்பாடா"வை மட்டும் வெட்டித் தனியாகச் சேமித்துவிட்டு, மற்றதை அனுப்பினார்.

கடைக்காரர் வந்தார். "என்ன சார், கறுப்பைக் கொடுக்கறீங்க? எல்லாரும் அதைத்தானே கேப்பாங்க!"

"அது ரொம்ப மரியாதையான ஸ்பீக்கருங்க. நம்ம குறையைச் சொல்லவே மாட்டேங்குது" என்றார் அப்பா.

மறுநாள் நிறுவனத்தின் அக்காவே போன் செய்தார். "இப்போ சுத்தமா இருக்குங்க! அடுத்த அத்தியாயம் எப்போ வரும்?"

அம்மா முயலைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். பிறகு இருவரும் டேப்லெட்டில் அடுத்த அத்தியாயத்தின் தலைப்பைப் பார்த்தார்கள். 'நிலவறையில் மூச்சுச் சத்தம்.'

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, கையைக் கோத்துக்கொண்டு அலமாரிக்குள் போனார்கள். சைக்கிள் விளக்கு சிவப்பாக எரிந்தது.

உடனே கதவில் மெல்லத் தட்டும் சத்தம்.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல," என்றது அப்பாவின் குரல். "வெளியில நான் மட்டும் தனியா இருக்கேனே... கதவைக் கொஞ்சம் திறந்து வச்சு வாசிக்க முடியுமா?"