ஏஞ்சலும் இறாலும்

நொச்சிக்குப்பத்தில் மீன் விற்கும் தேசம்மாவின் மகள் ஏஞ்சலுக்கு இறால் ஒத்துக்கொள்ளாது. சாப்பிட்டால் உதடு வீங்கும். உடம்பெல்லாம் தடித்து அரிக்கும்.

முதல் தடவை அப்படி ஆனபோது, தேசம்மா பதறிப்போய் அவளைத் தனியார் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். ஐஸ் பெட்டி வாங்கச் சேர்த்த பணமெல்லாம் அன்று கரைந்துபோனது.

அதன் பிறகு ஏஞ்சல் இறாலைத் தின்னவில்லை. ஆனால் அம்மாவுக்கு உதவியாக இறால் கூடையைத் தூக்கினாலே கை தடித்தது. முழுக்கைச் சட்டை போட்டு மறைத்தாள். சாப்பிட உட்கார்ந்தால், குழம்பில் இறால் பட்டிருக்குமோ என்று நெஞ்சு படபடக்கும். வயிறு நிறைந்துவிட்டது என்று பாதியில் எழுந்துவிடுவாள்.

ஒரு சனிக்கிழமை தம்பி ஜான் நொண்டிக்கொண்டே வந்தான். கொளுத்தும் வெயிலில் காலுறை வேறு. ஏஞ்சல் அதைக் கழற்றிப் பார்த்தாள். சிப்பி கிழித்த காயம் சிவந்து வீங்கியிருந்தது.

“ஏன்டா அம்மாகிட்ட சொல்லல?”

“ஊசி போட்டா செலவாகும். உனக்குக் கை அரிக்குதே, நீ சொன்னியா?”

ஏஞ்சலுக்குச் சுருக்கென்றது. இவன் தன்னைப் பார்த்துத்தான் இதைக் கற்றிருக்கிறான். அவன் கையைப் பிடித்து நேராக அம்மாவிடம் அழைத்துப் போனாள். அவன் காலைக் காட்டினாள். தன் கையையும் நீட்டினாள். சோற்றைப் பார்த்தாலே பயமாக இருப்பதையும் சொல்லிவிட்டாள்.

தேசம்மா திட்டவில்லை. பக்கத்துக் கடை முனியனிடம் மீனைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, இருவரையும் மாநகராட்சி மருத்துவமனைக்குக் கூட்டிப் போனாள். அங்கே எல்லாமே இலவசம். ஊசி தோலைத் தொடும் முன்பே ஜான் அழுது முடித்துவிட்டான்.

டாக்டர் கமர் ஜஹான் ஏஞ்சலைப் பொறுமையாகச் சோதித்தார். இறால், நண்டு இரண்டையும் தொடவே வேண்டாம் என்றார். அரிப்புக்கு மாத்திரை கொடுத்தார். மூச்சு முட்டினால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். சாப்பிடும்போது வரும் படபடப்பு பயத்தால் வருவது, அதற்கும் வைத்தியம் உண்டு, அடுத்த வாரம் வந்து பேசு என்றார்.

வெளியே வந்ததும் தேசம்மா மகளின் தலையைக் கோதினாள்.

“செலவு என் கவலைடி. உடம்புக்கு இன்னா பண்ணுதுன்னு சொல்றதுதான் உன் வேலை. உனக்குன்னு தனிச் சட்டி வச்சிடறேன், பயப்படாத.”

ஏஞ்சல் தலையாட்டினாள். நெஞ்சு லேசாகிவிட்டது. எதிர்க்கடையிலிருந்து தோசை வாசனை வந்தது.

“அம்மா, பசிக்குது.”

அன்று அவள் தன் தோசையை முடித்துவிட்டு, ஜானின் தட்டில் இருந்ததிலும் பாதியைப் பிய்த்துச் சாப்பிட்டாள்.