வெரி வெரி குட் டீ

ஷிஹானாவின் வீட்டில் இங்கிலீசு எழுதத் தெரிந்த ஒரே ஆள் ஷிஹானாதான். அவள் ஆறாம் வகுப்பில் படித்தாள்.

அதனால்தான் ஒருநாள் காலை, அவளுடைய வாப்பா அப்துல் மஜீத் ஒரு தகரப் பலகையையும் வெள்ளைப் பெயின்ற்றையும் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார்.

"மகள், மடு மாதா கோயில் திருவிழா வருது. நீர்கொழும்பிலையிருந்து வாற சிங்கள ஆக்கள்ட வான் எல்லாம் எங்கட செட்டிகுளத்தாலைதான் போகும். அவங்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. எனக்குச் சிங்களம் எழுதத் தெரியாது. இங்கிலீசிலை ஒரு போர்ட் எழுதித் தாங்கோ."

"என்ன எழுத, வாப்பா?"

"எங்கட தேத்தண்ணி நல்லது எண்டு எழுதுங்கோ. பொய் இல்லைத்தானே."

ஷிஹானா 'குட் டீ' என்று எழுதினாள். வாப்பா அதைத் தங்கள் தேநீர்க் கடைக்கு முன்னால் ஆணி அடித்து மாட்டினார்.

சண்டை நின்று பாதை திறந்த பிறகு, போன வருடம்தான் அவர்கள் இடம்பெயர்ந்திருந்த புத்தளத்திலிருந்து திரும்பி வந்து இந்தக் கடையைப் போட்டார்கள். கூரை வேய்ந்தபோது தென்னோலைக் கிடுகு தூக்கிக் கொடுத்தவர் எதிர்க்கடை செல்வராசா மாமா. இந்தக் கடையில் சீனி முடிந்தால் அந்தக் கடையிலிருந்து வரும். அங்கே மண்ணெண்ணெய் முடிந்தால் இங்கிருந்து போகும். செல்வராசா மாமாவின் மகள் பிரேமிளாவும் ஷிஹானாவும் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவார்கள்.

மறுநாள் காலை எதிர்க்கடையிலும் ஒரு பலகை தொங்கியது. 'வெரி குட் டீ.'

எழுதியது பிரேமிளாதான். 'ஒய்' எழுத்தின் வாலை அப்படிச் சுருட்டி எழுத வேறு யாராலும் முடியாது.

"அதிலை என்ன கூட எழுதிக் கிடக்கு?" என்று வாப்பா கேட்டார்.

"வெரி, வாப்பா. மிகவும் எண்டு அர்த்தம்."

"அப்ப நாங்களும் ஒண்டு போடுவம். இல்லை, ரெண்டு போடுவம்."

இங்கே இரண்டு 'வெரி' ஆனதும் அங்கே மூன்று ஆனது. பலகையில் இடம் போதாமல் வாப்பா பக்கத்தில் இன்னொரு தகரத் துண்டை ஒட்ட வைத்தார்.

"நான் தேயிலைத் தோட்டத்தில பொறந்தவன். எனக்கே தேத்தண்ணி சொல்லித் தர்றாங்களாம்" என்றார் செல்வராசா மாமா, வீதியைத் தாண்டிக் கேட்கும்படி.

"கடலுக்குப் பக்கத்திலை பிறந்தவங்கள் எல்லாம் மீனோ?" என்று வாப்பா கொதிக்கிற தேத்தண்ணிக் கேத்திலைப் பார்த்துக் கேட்டார்.

அன்றிலிருந்து சீனியும் மண்ணெண்ணெயும் வீதியைக் கடக்கவில்லை. திங்கட்கிழமை பிரேமிளா தன் புத்தகப் பையை எடுத்துக்கொண்டு பின் வாங்குக்குப் போய்விட்டாள். ஷிஹானா பக்கத்து இடத்தில் கை வைத்துப் பார்த்தாள். வாங்கு சில்லென்று இருந்தது.

சனிக்கிழமை, இரண்டு கடைகளுக்கும் நடுவில் ஒரு வான் வந்து நின்றது. சாரதி இறங்கி இந்தப் பலகையை வாசித்தார். திரும்பி அந்தப் பலகையை வாசித்தார். பிறகு ஷிஹானாவைப் பார்த்துச் சிரித்தார். அவருக்குக் கொஞ்சம் தமிழ் தெரிந்திருந்தது.

"மகள், அங்கயும் குட். இங்கயும் குட். நான் எந்தப் பக்கம் போறது?"

ஷிஹானா இரண்டு பலகைகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சரி, திருவிழா முடிஞ்சு திரும்பி வாறப்ப சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு, தன் போத்தலில் இருந்த தண்ணீரைக் குடித்துவிட்டு அவர் போய்விட்டார்.

அவர் கேட்டது நியாயம்தான். ஷிஹானா ஒரு கிளாஸ் தேநீரை ஊற்றி, கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். இது எப்படி இருக்கிறது? எவ்வளவு யோசித்தாலும் 'தேத்தண்ணி மாதிரி இருக்கிறது' என்றுதான் தோன்றியது. தினமும் குடிக்கிற வாய்க்கு வேறு என்ன தெரியும்?

இதைக் குடித்தே இராத ஒரு வாய் வேண்டும். அந்த ஆளுக்கு இங்கிலீசும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

அப்படி ஒரே ஒருத்திதான் இருந்தாள்.

வாப்பா தொழுகைக்குப் போன நேரம் பார்த்து, ஷிஹானா சூடான கிளாஸைத் துணியால் பிடித்துக்கொண்டு வீதியைக் கடந்தாள். செல்வராசா மாமா சந்தைக்குப் போயிருந்தார். பிரேமிளாவின் அம்மா தங்கம்மா மாமி வடை சுட்டுக்கொண்டிருந்தார். பிரேமிளா கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் குனிந்துகொண்டாள்.

"இதைக் குடிச்சுப் பார்த்து எப்பிடி எண்டு சொல்லு."

"நல்லாருக்கும்" என்றாள் பிரேமிளா, குடிக்காமலே.

"நல்லது எண்ட சொல்லைத் தவிர வேறை என்னவும் சொல்லு."

பிரேமிளா ஒரு மிடறு குடித்தாள். இருமினாள். கண்ணில் நீர் வந்துவிட்டது.

"ஐயோ, இஞ்சி. நாக்கில எறும்பு ஓடுற மாதிரி இருக்கு. தொண்டையில எல்லாம் குறுகுறுங்குது."

"பிடிக்கேல்லையா?"

பிரேமிளா இன்னொரு மிடறு குடித்தாள்.

"குறுகுறு எண்டதுக்கு இங்கிலீசிலை என்ன?"

பிரேமிளா ஓடிப்போய் அட்டை கிழிந்த அகராதியை எடுத்து வந்தாள். இருவரும் தலையை முட்டிக்கொண்டு தேடினார்கள். 'டிங்லிங்' என்ற சொல் கிடைத்தது.

அதற்குள் தங்கம்மா மாமி, "ரெண்டு பேரும் பேசிட்டீங்களா? நல்லது" என்று சிரித்தபடி ஷிஹானாவின் கையில் ஒரு பருப்பு வடையை வைத்தார். ஷிஹானா கடித்தாள்.

கறுக்.

கூரையில் இருந்த காகம் பறந்து போனது.

"பிரேமி, இதுக்கும் ஒரு சொல் தேடு. கடிக்கேக்க கறுமுறு எண்டு சத்தம் வாறதுக்கு."

'கிரன்ச்சி' என்று இருந்தது.

"இந்த வடையை ஏன் உங்கட போர்டிலை எழுதேல்லை?"

பிரேமிளாவின் முகம் வாடியது. "அப்பாவுக்கு அவரு போடுற தேத்தண்ணிதான் பெருமை. வடைய மட்டும் எழுதினா மனசு நோவாரு."

"எங்கட வாப்பாவும் வடை சுடுவார். தலையணை மாதிரி இருக்கும். அதை நானும் அவருக்குச் சொல்லத்தான் வேணும்."

இருவரும் சிரித்தார்கள். பிறகு இரண்டு பலகைகளையும் கழற்றி, 'வெரி'களை எல்லாம் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தார்கள். பிரேமிளாவின் பலகையில் ஷிஹானா 'கிரன்ச்சி வடை' என்று எழுதினாள். ஷிஹானாவின் பலகையில் பிரேமிளா 'டிங்லிங் டீ' என்று, 'ஜி'க்களுக்கு வால் சுருட்டி எழுதினாள்.

சந்தையிலிருந்து வந்த செல்வராசா மாமா சைக்கிளை விட்டு இறங்காமலே பலகையைப் பார்த்தார்.

"இதில டீங்கிறதே இல்லையே. என் தேத்தண்ணி எங்க, புள்ள?"

 ஷிஹானா கொண்டுவந்திருந்த இன்னொரு கிளாஸ் தேநீரைப் பிரேமிளா அவரிடம் நீட்டினாள்.

"அப்பா, இதக் குடிச்சிட்டு அப்புறமா என்னைத் திட்டுங்க."

அவர் குடித்தார். இருமினார். வெற்றுக் கிளாஸின் அடியைப் பார்த்தார். பிறகு வீதிக்கு அந்தப் பக்கம் பார்த்துச் சத்தமாகக் கேட்டார்.

"மஜீத் நானா, இஞ்சியத் தட்டிப் போடுறீங்களா, வெட்டிப் போடுறீங்களா?"

தொழுகை முடிந்து வந்திருந்த வாப்பாவின் வாயில், ஷிஹானா கொண்டுவந்து கொடுத்த தங்கம்மா மாமியின் வடை இருந்தது.

"என்ன கேட்டனீங்கள்? வடை கடிக்கிற சத்தத்திலை ஒண்டும் விளங்கேல்லை."

செல்வராசா மாமா வயிறு குலுங்கச் சிரித்தார். "இன்னொரு கிளாஸ் ஊத்துங்க. சீனி கொஞ்சம் கூட."

"சீனி முடிஞ்சு போச்சே, செல்வராசா."

"இருங்க, கொண்டாறேன்."

திருவிழா முடிந்து நீர்கொழும்பு வான் திரும்பி வந்தபோது, சாரதி இரண்டு பலகைகளையும் வாசித்தார். முதலில் அந்தப் பக்கம் போய் வடை வாங்கினார். அதைக் கடித்துக்கொண்டே இந்தப் பக்கம் வந்து தேநீர் கேட்டார். வானில் இருந்த எல்லோரும் அப்படியே செய்தார்கள். அன்று முழுவதும் வீதியில் கறுமுறு சத்தமும் இருமலும் சிரிப்புமாக இருந்தது.

அடுத்த நாள் வகுப்பில், நண்பரைப் பற்றி இங்கிலீசில் ஒரு வசனம் எழுதும்படி டீச்சர் சொன்னார்.

முன் வாங்கில் இருந்த தர்ஷன், 'மை பிரெண்ட் இஸ் குட்' என்று எழுதிவிட்டு உடனே பென்சிலைக் கீழே வைத்தான்.

ஷிஹானா 'மை பிரெண்ட் இஸ்' வரை எழுதிவிட்டு நிறுத்தினாள். பக்கத்தில் பிரேமிளா தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து, தன் வசனத்தைக் கையால் மறைத்து எழுதிக்கொண்டிருந்தாள்.

அகராதி தேவைப்படவில்லை. இதமான சூடு என்று பொருள் தரும் 'வார்ம்' என்ற சொல்லை ஷிஹானா எழுதி, புள்ளி வைத்தாள்.