ஏரியைக் கூட்டிப் பெருக்கிய நாள்

சின்ன வயதில் எங்கள் வீட்டு வாத்துகளுக்கு என்னைக் கண்டாலே ஆகாது. தீனித் தட்டோடு போனால், தட்டை விட்டுவிட்டு என் முழங்காலைக் கொத்தும். ஆனாலும் குளிர்காலம் முழுக்க அந்த வேலை எனக்குத்தான். அப்பாவும் குர்பான் சித்தப்பாவும் அண்ணன் எல்வானும் மட்டும் குதிரை பூட்டிய சறுக்கு வண்டியில் ஏறி, உறைந்து கிடக்கும் சில்திர் ஏரிக்கு மீன் பிடிக்கப் போவார்கள்.

ஒருநாள் வண்டியின் முன்னால் போய் நின்றுகொண்டேன். “நானும் வர்றேன்.”

“நீ எதுக்கு? மீனைப் பயமுறுத்தவா?” என்றான் எல்வான்.

அப்பா, வாத்து கொத்திய என் முழங்காலில் இருந்த துணிக்கட்டைப் பார்த்தார். “சரி செனம், ஏறு. இன்னிக்கு ஒழுங்கா வேலை செஞ்சேன்னா தினமும் வரலாம். சொதப்புனா, ஏரி உருகுற வரைக்கும் வாத்துதான்.”

எங்கள் ஏரியில் வலை, பனிக்கட்டிக்கு அடியில் நீளமாகக் கிடக்கும். அதன் இரண்டு முனையிலும் பனியில் ஒவ்வொரு குழி. ஒரு குழியின் ஓரத்தில் நின்று வலையை வெளியே இழுப்பார்கள். அப்போது எதிர்க் குழியிலிருந்து ஒரு நீளக் கயிறு, வலையின் வாலைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் போகும். மீன்களை எடுத்த பிறகு அந்தக் கயிற்றை இழுத்தால், வலை தானாகத் தன் இடத்துக்குத் திரும்பிவிடும். கயிற்றின் கடைசி முனை மட்டும் எப்போதும் குழிக்கு வெளியே இருக்கவேண்டும்.

அந்தக் கடைசி முனைதான் என் பொறுப்பு.

“கடப்பாரையை ஊனியிருக்கேன். அதுல கட்டிடு. கட்டத் தெரியும்ல?” என்றார் அப்பா.

“ஓ, தெரியுமே!”

எனக்குத் தெரிந்த முடிச்சு ஒன்றே ஒன்று. பள்ளிக்கூடம் போகும்போது தலையில் கட்டும் ரிப்பன் முடிச்சு. அதையே கட்டி, இரண்டு காதுகளையும் சமமாக இழுத்துவிட்டேன். மிக அழகாக இருந்தது.

மற்ற மூவரும் தூரத்துக் குழிக்குப் போய் வலையை இழுக்கத் தொடங்கினார்கள். நான் சர்க்கரைக் கட்டியைப் பல்லிடுக்கில் வைத்து, பெரிய மீனவரைப் போலத் தேநீரை உறிஞ்சிக்கொண்டு நின்றேன். கயிறு விறைப்பானது. முடிச்சின் ஒரு காது காணாமல் போனது. பிறகு இன்னொரு காது. சேமியாவை உறிஞ்சுவதுபோல் ஏரி அந்தக் கயிற்றை சுர்ரென்று உறிஞ்சிவிட்டது.

“நிறுத்துங்க! இழுக்காதீங்க!” என்று குதித்துக் குதித்துக் கத்தினேன்.

நான் உற்சாகப்படுத்துகிறேன் என்று நினைத்து, எல்வான் கையை ஆட்டிவிட்டு இன்னும் வேகமாக இழுத்தான்.

விஷயம் தெரிந்ததும் எல்லோரும் ஓடிவந்தார்கள். சித்தப்பா கொக்கிக் குச்சியைக் குழிக்குள் விட்டுக் கிளறினார். “சூப்பு கிண்டுற மாதிரிதான் இருக்கு. ஒண்ணும் மாட்டலை” என்றார்.

அப்பா திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. தூரத்துக் குழியோரம் வெளியே கிடந்த ஈர வலையைத் திரும்பிப் பார்த்தார். அதற்குள்ளேயே அதன் ஓரங்கள் அப்பளம் மாதிரி விறைத்திருக்கும்.

“மறுபடியும் வரிசையா குழி வெட்டி, கழியை உள்ளே தள்ளித் தள்ளிக் கயிறு கோக்கணும். சாயங்காலம் ஆயிடும். அதுக்குள்ள வலை ஒடைஞ்சு போகும்” என்றார்.

“வாத்தெல்லாம் உன்னைத் தேடுது, போ” என்றான் எல்வான்.

எனக்குக் கண்ணீர் வந்தது. அது கன்னத்திலேயே உறைந்துவிட்டதால் ஒழுங்காக அழக்கூட முடியவில்லை. சரி, அழ முடியாவிட்டால் யோசிப்போம் என்று யோசித்தேன்.

“கயிறு இப்ப எங்க இருக்கும்?”

“அடியில. வேற எங்க போகும்?” என்றான் எல்வான்.

“பழைய சணல் கயிறுன்னா முழுகும். இது புது நீலக் கயிறாச்சே! இது மிதக்கும். கோடையில ஸ்கிப்பிங் ஆடறப்ப ஏரியில விட்டுட்டேன், மிதந்துச்சு.”

“என் கயித்துலயா ஸ்கிப்பிங் ஆடுனே?” என்றார் அப்பா.

“அதை அப்புறமா திட்டுங்கப்பா! மிதந்தா, பனிக்கட்டிக்குக் கீழ ஒட்டிக்கிட்டுத்தானே கிடக்கும்? வலையில கட்டுன முனை நம்மகிட்டதான் இருக்கு. அந்தக் குழியிலேருந்து கயித்தைப் பாத்துக்கிட்டே வந்தா, கயித்தோட வால் கிடைச்சிடும்!”

மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பனிக்கட்டி கண்ணாடி மாதிரிதான் இருந்தது. ஆனால் அதன்மேல் பொடிப்பனி மூடியிருந்தது. ஏரிக்கு யார் துடைப்பம் கொண்டுவருவார்கள்?

வலை கிடந்த குழிக்கு ஓடிப்போய், பக்கத்தில் குப்புறப் படுத்தேன்.

“அண்ணா, என் காலைப் பிடிச்சு இழு.”

“எதுக்குடி?”

“நான்தான் தொடப்பம்!”

எல்வானுக்கு அந்த வேலை ரொம்பப் பிடித்திருந்தது. இரண்டு பூட்ஸையும் பிடித்து இழுத்தான். என் கோட்டு பனியை வழித்துக்கொண்டே போனது. வழித்த இடத்தில் என் முகம் வந்தது. கண்ணுக்குக் கீழே, கண்ணாடிக்குள் வைத்ததுபோல் நீலக் கயிறு!

“தெரியுது! இழு! கொஞ்சம் இடது பக்கம்! ஐயோ, உன் இடது இல்லை, என் இடது!”

“என்னத்தைத் திங்கிறே நீ? கல்லா?” என்று மூச்சிரைத்தான் எல்வான்.

பனி கழுத்து வழியாக நுழைந்து வயிறு வரைக்கும் போனது. இரண்டு பொத்தான்கள் பிய்ந்தன. ஒரு கெண்டை மீன் கீழேயிருந்து என்னை முறைத்துவிட்டு, பிடிக்காததுபோல் திரும்பிப் போனது. பாதி தூரம் நேராக வந்த கயிறு, பிறகு கரைப் பக்கமாக வளைந்து விலகியது. சித்தப்பாவின் குச்சிக்கு எப்படி அகப்படும்?

“நிறுத்து! வால்!”

எல்வான் நின்றான். நான் நிற்கவில்லை. சறுக்கிக்கொண்டே போய் அவன் காலை வாரிவிட்டேன். அவன் என்மேல் விழுந்தான்.

அப்பா கடப்பாரையை என் கையில் கொடுத்தார். “கயித்து மேல படாம, பக்கத்துல குத்து.”

கடப்பாரை என்னைவிட உயரம். குத்தினேன். பனித்தூள் பறந்தது. கை மரத்துப்போகும் வரைக்கும் குத்தினேன். கடைசியில் ‘பொளக்’ என்று தண்ணீர் முகத்தில் அடித்தது. கொக்கிக் குச்சியை உள்ளே விட்டு, கயிற்றை மெதுவாக மேலே தூக்கினேன்.

“வந்துடுச்சு! வந்துடுச்சு!”

என் வாழ்க்கையில் நான் பிடித்த முதல் மீன் நீல நிறமாக, மிக மிக நீளமாக இருந்தது.

சித்தப்பா குழியைப் பெரிதாக்கினார். நானும் எல்வானும் சேர்ந்து கயிற்றை இழுத்தோம். அந்தப் பக்கம் அப்பா வலையைச் சிக்கில்லாமல் விட்டுக்கொடுக்க, அது சரசரவென்று பனிக்கடியில் நுழைந்தது. ஒரு நூல்கூட அறவில்லை.

“வலை கோணலா கிடக்கே” என்றான் எல்வான்.

“கிடக்கட்டும். கெண்டைங்க நேராவா நீந்துது?” என்றார் சித்தப்பா.

மறுநாள் விடியும்போது அப்பா வாசலில் நின்று, “ஏரிக்கு வர்றவங்க எல்லாரும் எந்திரிங்க!” என்று கூப்பிட்டார்.

எல்வான் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்தான். சித்தப்பா கொட்டாவி விட்டுக்கொண்டு எழுந்தார்.

நான் எழுந்திருக்கவில்லை. சறுக்கு வண்டியில் அப்பாவின் பக்கத்து இடத்தில், கடப்பாரையை மடியில் வைத்துக்கொண்டு, முன்பே உட்கார்ந்திருந்தேன்.